கால் வைக்காத மனை

4

மே மாதத்து ஹைதராபாத்தில் காலை ஒன்பதரைக்கே வெயில் தோலை உரிக்கும். பத்மாராவ் நகரில், ஒரு தையல் கடையின் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்றுதான் வரவில்லை. சந்திரசேகரன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வயது அறுபத்து நாலு. முப்பது வருஷம் ராணுவத் தளவாடம் செய்யும் ஒரு மத்திய அரசுக் கம்பெனியில் விஜிலென்ஸ் பிரிவு. ஓய்வு பெற்றபின் நாலு வருஷமாக இந்த போர்டு. யார் வீட்டு மாப்பிள்ளை யாருடன் எங்கே போகிறான் என்று பார்த்துப் பார்த்து, மனித ஜாதி மேலேயே அவருக்கு ஒரு சலிப்பு வந்திருந்தது.

"சார், தூங்கறீங்களா, யோசிக்கறீங்களா?" என்றாள் அனுபமா. "வாசல்ல ஒரு மாமி நிக்கறாங்க. எதுன்னு சொன்னா, அதுக்குத் தகுந்த பொய்யைச் சொல்றேன்."

அனுபமா அவருடைய ஒரே உதவியாளர். கும்பகோணத்து அப்பா அம்மாவுக்கு இந்த ஊரில் பிறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பேச்சில் தமிழோடு தெலுங்கும் இந்த ஊர் உருதுவான தக்கணியும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த பாஷையானாலும் வாய் மட்டும் ஓயாது.

வந்தவர் கல்பகம். அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். அக்குளில் ஒரு ஃபைல். ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை லலிதாம்பாள் சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலியில். இருவரும் மாரேட்பள்ளியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் மூன்று படி. அந்த மூன்று படியைத் தாண்ட ஆள் தேட வேண்டியிருப்பதால் லலிதாம்பாள் தெருவைப் பார்ப்பதே மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். வாடகைக்கு இருப்பவர்கள் படியை இடிக்கச் சொல்ல முடியுமா? படியே இல்லாமல் ஒரு வீடு, இரண்டு அறை போதும், அதைக் கட்டிவிட வேண்டும் என்று கல்பகம் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுப் பணம் மொத்தத்தையும் போட்டு வாங்க ஒரு மனையும் பார்த்தாகிவிட்டது. பணம் கைமாறுவது ரிஜிஸ்ட்ரேஷன் அன்றுதான். விற்பவர் விஸ்வநாத், அதே கம்பெனிக்காரர்தான். சந்திரசேகரனுக்கும் கேன்டீனில் பார்த்தால் தலையாட்டும் அளவுக்குப் பழக்கம்.

"இன்னிக்கு மூணு மணிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் சார். ஸ்லாட் எடுத்தாச்சு," என்றார் கல்பகம்.

எல்லாம் முடிந்த பிறகு இங்கே எதற்கு வந்தீர்கள் என்று சந்திரசேகரன் கேட்டார். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. கல்பகம் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மனையைக் காட்ட எங்களைக் கார்ல கூட்டிண்டு போனார். லலிதாவால இறங்க முடியாது. நான் மட்டும் ரோட்டோரம் இறங்கி, அங்கே இருந்த அம்மனுக்கு ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு ஏறிண்டேன். அவர் இறங்கவே இல்லை சார். ஸ்டியரிங்கைப் பிடிச்சுண்டு நேரா முன்னாடி பாத்துண்டே இருந்தார். பன்னெண்டு வருஷமா தன்னோடதா இருக்கற மண்ணு. கைவிட்டுப் போறச்சே ஒரு தடவை கால் வெச்சுப் பாக்கத் தோணாதோ? ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை."

சந்திரசேகரன் அப்போதுதான் கண்ணை முழுசாகத் திறந்தார்.

அனுபமா ஃபைலைப் புரட்டினாள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பஞ்சாயத்து முத்திரை போட்ட லே-அவுட் வரைபடம் எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, மங்கிப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்று.

"இதைப் பாத்துதான் சார் எனக்கு நம்பிக்கையே வந்தது. நம்ம ஆபீஸே பாஸ் பண்ணின நிலம்," என்றார் கல்பகம்.

அதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த மாதிரிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர் நிலம் வாங்கினால் ஆபீஸுக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். படிவம் விஜிலென்ஸுக்கு வரும். பணம் எந்த வழியில் வந்தது என்பதுதான் அவர்களுடைய கவலை. நிலம் மேட்டில் இருக்கிறதா, மடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. ஆனால் குவார்ட்டர்ஸில் அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள். ஆபீஸ் க்ளியரன்ஸ் வந்துவிட்டது என்றால் நிலத்தில் ஒரு சொட்டை சொள்ளை கிடையாது என்று அர்த்தம். அந்தத் தாள் பத்திரத்தோடு பத்திரமாகக் கைமாறிக்கொண்டே போகும். வாங்குகிறவரும் அதே கம்பெனி ஆளாக இருந்துவிட்டால், வக்கீலைக்கூடத் தேட மாட்டார்.

"பன்னெண்டு கேள்வி, பன்னெண்டு டிக்," என்றாள் அனுபமா. "கடைசிக் கேள்வியைப் பாருங்க சார். மனை நகரத் திட்ட விதிகளுக்கு உட்பட்டதா? அதுக்கும் டிக். ஒவ்வொரு டிக்குக்கும் கீழ ஒரு புள்ளி வேற. ரொம்ப நிதானமான ஆளு போல."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே கையெழுத்து இருக்கும் இடத்தை ஜெராக்ஸ் மெஷின் சாப்பிட்டிருந்தது. அப்போது பிரிவில் ஆறு பேர், யாரோ ஒரு கவனமான ஆள்தான் என்று சந்திரசேகரன் சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

"மேடம், வில்லங்கச் சான்று நிலம் யாரோடதுன்னு சொல்லும். அதுல வீடு கட்டலாமா கூடாதான்னு சொல்லாது," என்றார். "மாஸ்டர் பிளான்ல அந்த இடத்துக்கு என்ன கலர் அடிச்சிருக்காங்க, லே-அவுட்டுக்கு அனுமதி யார் கொடுத்தது, பக்கத்துல ஏரி எதுவும் இருக்கா, இதைப் பாத்தீங்களா?"

கல்பகம் பார்க்கவில்லை. ஏரி என்று ஒன்றும் கண்ணில் படவில்லை, பொட்டல்தான் என்றார். நுழைகிற இடத்திலேயே நம் மாரியம்மன் மாதிரி ஒரு அம்மன் இருந்தாள், அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டேன் என்றும் சொன்னார். இரண்டரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போங்கள், நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லி அவரை அனுப்பினார் சந்திரசேகரன்.

அதற்குள் அனுபமா போனில் மாஸ்டர் பிளான் வரைபடத்தைத் திறந்து, சர்வே நம்பரைத் தட்டிவிட்டிருந்தாள். வந்தது. ஆனால் பிரயோஜனமில்லாமல் வந்தது. அந்த சர்வே நம்பர் முப்பது ஏக்கருக்கு மேல். ஏரியின் நீலக் கோடு அதை நட்ட நடுவில் கிழித்துக்கொண்டு போனது.

"பாதி தரை, பாதி தண்ணி," என்றாள். "நம்ம மாமியோட முப்பத்தேழாம் நம்பர் மனை எந்தப் பாதியில சார்?"

அதைத்தான் பஞ்சாயத்து வரைபடம் சொல்லவில்லை. அதில் ஏரியே கிடையாது. வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறிகூடக் கிடையாது. மனைகள் ஒரு பக்கம், ஓரமாக 'நாற்பது அடி ரோடு' என்று ஒரு கோடு, அவ்வளவுதான்.

நகரத் திட்ட அலுவலகத்தில் வரிசையில் நின்று கவுன்ட்டரை அடைவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சந்திரசேகரனைவிடச் சலித்துப்போனவராக இருந்தார். அந்த லே-அவுட் அவருடைய அனுமதிப் பட்டியலில் இல்லை. மனை ஏரிக்கு உள்ளேயா வெளியேயா என்று சான்று வேண்டுமானால் மனுப் போட வேண்டும், பத்து நாள் ஆகும். மூன்று மணிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் என்று அனுபமா தெலுங்கில் கெஞ்சினாள். தாலியைக் கையில் எடுத்த பிறகுதான் எல்லோரும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறீர்கள் என்று அவர் தலை நிமிராமலே சொன்னார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சந்திரசேகரன் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"இப்போ என்ன சார்? வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாமா?"

"மனையைப் போய்ப் பாக்கலாம்."

"இந்த வெயில்லயா? நக்கோ சார். மூளை உருகிடும். எனக்கு இல்ல, உங்களுக்கு," என்றாள். ஆனால் அதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டிருந்தாள். அங்கே போவதில் அவருக்கு இருந்ததைவிட அவளுக்கு அவசரம் அதிகம் இருந்தது போல் சந்திரசேகரனுக்குத் தோன்றியது. அதை யோசிக்க அவருக்குத் தெம்பு இல்லை.

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தார்கள். ஜீடிமெட்லா பக்கம் போனபோது மருந்துக் கம்பெனிகளின் நெடி ஜன்னல் வழியாக வந்தது. இங்கே ஆழமாக மூச்சு விட்டுக்கொள்ளுங்கள் சார், முழங்கால் வலிக்கு இலவச மருந்து என்று அனுபமா சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அதற்கும் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போன பிறகு, பஞ்சாயத்து வரைபடத்தில் நாற்பது அடி என்று இருந்த ரோடு வந்தது. இருபதடிதான் இருந்தது. ஒரு வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தினார்கள்.

ரோட்டுக்கு வலது பக்கம் கீழே கீரைப் பாத்திகள், வாய்க்கால். இடது பக்கம் கீழே, வெடித்துப்போன தரையில் வெள்ளையடித்த மனைக் கற்கள். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கல்பகம் சொன்ன அம்மன் வேப்ப மரத்தை ஒட்டியே இருந்தாள். இடுப்பளவு சிமென்ட் கூடு, உள்ளே மஞ்சள் பூசிய கல், அதில் இரண்டு வெள்ளிக் கண்கள். கூட்டின் மேல் தெலுங்கில் பேர் எழுதியிருந்தது.

அனுபமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பேரைப் படித்தாள். திரும்பி ரோட்டை ஒரு தடவை, இரண்டு பக்கப் பள்ளத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"சார், மாமி எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்காங்க?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"ஆனாலும் தெலுங்கு படிக்க வராது, இல்ல? இது மாரியம்மன் இல்ல சார். கட்ட மைசம்மா. என் ஸ்கூல் ஃப்ரெண்ட் வீட்டுல ஆஷாடத்துல, அதான் நம்ம ஆடியில, இவளுக்குத்தான் போனம் எடுப்பாங்க. நானும் படையல் சோத்துப் பானையைத் தலையில வெச்சுட்டுப் போயிருக்கேன். இவ கண்ட இடத்துல உக்கார மாட்டா. கட்டன்னா கரை. ஏரிக்கரையிலதான் உக்காருவா. கரை உடையாம காவல் காக்கறதுதான் இவளுக்கு வேலை."

சந்திரசேகரன் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு பக்கத்தைவிடவும் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற ரோடு. எதற்கு இவ்வளவு உயரத்தில் யாராவது ரோடு போடுவார்கள்?

"அப்போ இது ரோடு இல்ல," என்றார். "கரை. கரை மேல தார் ஊத்தியிருக்காங்க."

"ஹவ், கரையேதான். ஆனா ஏரி மனைப் பக்கமா, கீரைப் பக்கமா? போன்ல சிக்னல் இல்ல, அதை மைசம்மாவும் சொல்ல மாட்டா. சொன்னா நமக்கு இங்க என்ன வேலை?"

அவர் வலது பக்கச் சரிவை எட்டிப் பார்த்தார். வெறும் மண், புல். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இடது பக்கச் சரிவில் இறங்கினார். முள்செடியைக் காலால் விலக்கினார். கீழே, வரிசை வரிசையாக, கை வைத்துப் பதித்த கருங்கல். ஒரு நூறு வருஷமாவது இருக்கும். கொஞ்சமும் அசையவில்லை.

"ரெண்டு பக்கமும் கல் பதிச்சிருந்தா அழகுக்குன்னு சொல்லலாம்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு பக்கம் மட்டும் பதிச்சா, அது அலை அடிக்கிற பக்கம். கரையைத் தண்ணி அரிக்காம இருக்கறதுக்கு. கீரைப் பாத்தி இருக்கே, அதுதான் தரை. மனை எல்லாம் ஏரிக்குள்ள இருக்கு."

அவர் இன்னும் கீழே இறங்கி முப்பத்தேழாம் நம்பர் கல் வரை நடந்தார். காலுக்கடியில் ஏதோ நொறுநொறுவென்று உடைந்தது. குனிந்து ஒரு கைப்பிடி எடுத்தார். நத்தை ஓடுகள். வெளுத்து, காய்ந்து, மனை முழுக்கக் கிடந்தன.

"இந்த மனைக்கு ஏற்கனவே நிறைய ஓனருங்க சார்," என்றாள் அனுபமா மேலேயிருந்து. ஆனால் குரலில் அந்தப் பழைய துள்ளல் இல்லை. "இங்க வீடு கட்டினா மாமிக்கு என்ன ஆகும்?"

கட்ட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாமல் கட்டினால் ஒரு நாள் காலையில் இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கும். சக்கர நாற்காலியைத் தெருவில் தள்ளிக்கொண்டு வந்துதான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். சந்திரசேகரன் நாலு நத்தை ஓடுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கார் பக்கம் நடந்தார்.

ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு நாற்பது. எதிரே இருந்த இரானி டீக்கடையில் விஸ்வநாத் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது. சந்திரசேகரன் உட்கார்ந்து, கைக்குட்டையை மேஜை மேல் அவிழ்த்து வைத்தார்.

விஸ்வநாத் ஓடுகளைப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீடு கட்ட அனுமதி கேட்டு மனுப் போட்டாராம். ஏரிக்குள் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அந்த மண்ணைக் கண்ணெடுத்துப் பார்க்கவே முடியாமல், பார்க்காமலே விற்றுவிடலாம் என்று நினைத்தாராம். கல்பகம் வாங்க வந்தபோது வாயைத் திறக்கத்தான் நினைத்தார். திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"நம்ம ஸ்டோர்ஸ் கல்பகம்னு தெரிஞ்சும் கையெழுத்து வாங்க வந்திருக்கீங்களே," என்றார் சந்திரசேகரன். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு.

விஸ்வநாத் தலையை நிமிர்த்தினார்.

"ஏமாத்தப் பாத்தேன் சார். ஒத்துக்கறேன். ஆனா நான் யாரையும் கேக்காம வாங்கலை. ஆபீஸைக் கேட்டேன். ஆபீஸ்ல யாரைக் கேட்டேன்னு உங்களுக்கு நிஜமாவே நினைவில்லையா?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். ஜெராக்ஸின் ஒரிஜினல். பன்னிரண்டு டிக்கும் பச்சை மையில் பளிச்சென்று இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளி. அடியில், மெஷின் சாப்பிடாத கையெழுத்து: ச. சந்திரசேகரன்.

"மனை எப்படி சார்னு கேட்டேன். 'எல்லாம் பாத்தாச்சு, தைரியமா வாங்குங்க'ன்னு சொன்னீங்க."

சந்திரசேகரன் ஞாபகப்படுத்திப் பார்த்தார். வரவில்லை. மார்ச் மாதம், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முப்பது படிவம் தள்ளிய ஏதோ ஒரு நாளாக இருக்கும். பணம் வந்த வழியைப் பார்த்திருப்பார். மீதியைக் கை தானாகவே போட்டிருக்கும். எதிரே நின்றவனை அனுப்பிவைக்க ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் பன்னிரண்டு வருஷம் ஒரு ஏரியைச் சொந்தம் கொண்டாடியிருக்கிறார். வெட்கமாக இருந்தது அவருக்கு. விஸ்வநாத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எழுந்து வெளியே வந்தார். அனுபமா பின்னாலேயே வந்தாள்.

"உனக்குக் காலையிலேயே தெரியும்," என்றார்.

"என் ரிப்போர்ட் எல்லாத்துலயும் நீங்க போடற டிக்குக்குக் கீழ அந்தப் புள்ளிதானே சார் இருக்கு. நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு விட்டேன். துப்பறியும் நிபுணர்னு போர்டுல போட்டிருக்கே."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வெயில்ல வந்திருப்பீங்களா? மறுபடியும் பேப்பரைத்தான் பாத்திருப்பீங்க," என்றாள். அவர் தெருவைக் கடந்தார்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே லலிதாம்பாள், பக்கத்தில் மடக்கி வைத்த நாற்காலி. ஆபீஸுக்கு ஐந்து படி இருந்ததால் அவர் இறங்கவே இல்லை. கல்பகம் படியில் நின்று கையில் டோக்கனோடு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

சந்திரசேகரன் சுற்றி வளைக்கவில்லை. மனை ஏரிக்குள் இருக்கிறது, அந்த அம்மன் கரையைக் காக்கிறவள், கையெழுத்துப் போடாதீர்கள் என்றார். நத்தை ஓட்டைக் கையில் கொடுத்தார். கல்பகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். அழவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"நம்ம ஆபீஸ் பாஸ் பண்ணியிருந்ததே சார். யார் பாஸ் பண்ணினது அதை?"

அனுபமா வாயைத் திறந்தாள். சந்திரசேகரன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நான்தான் மேடம். அந்தப் பக்கமே போகாம பாஸ் பண்ணினேன். கையெழுத்து என்னோடதுதான்."

உள்ளே டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். கல்பகம் அசையவில்லை. எதிர்ப்புறம் டீக்கடை வாசலில் நின்ற விஸ்வநாத்தைப் பார்த்தார், எதிரே நின்ற இவரைப் பார்த்தார். பிறகு டோக்கனை இரண்டாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

விஸ்வநாத்துக்கு அந்த மனையை விற்ற லே-அவுட்காரனைத் தேடிப் பிடிக்கிறேன், இரண்டு பேரிடமும் ஃபீஸ் வாங்க மாட்டேன் என்று சந்திரசேகரன் சொல்ல ஆரம்பித்தார். கல்பகம் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. படி இறங்கி, ஆட்டோவில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மடியில் அந்த நத்தை ஓட்டை வைத்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் தலையை வெளியே நீட்டினார்.

"வேற மனை பாக்கணும் சார். பாக்கப் போறச்சே நீங்களும் வரணும். கார்லேர்ந்து எல்லாருமா இறங்கணும்."

"இறங்கறேன் மேடம்," என்றார் சந்திரசேகரன்.